ஆங்கில இலக்கிய நயமும் நமது பிள்ளைகளும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு என்றால் கட்டடத்தைப் பற்றியும் புலமைப்பரிசில் நிதியைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவற்றை இன்று மற்றவர்கள் பேசுவார்கள். சனிக்கிழமைகளில் க.பொ.த. சாதாரண தரப் பிள்ளைகளோடு இருந்து ஆங்கில இலக்கிய நயம் வாசிக்கும் நாங்கள் சிலர், அந்த ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் சொல்ல வந்திருக்கிறோம்.

சாதாரண தரத்துக்கு ஒன்பது பாடங்கள். ஆறு கட்டாயம், மூன்று தொகுதிப் பாடங்கள். அழகியல் தொகுதியில் சித்திரம், கர்நாடக சங்கீதம், பரதம், நாடகமும் அரங்கியலும், தமிழ் இலக்கிய நயம் ஆகியவற்றோடு ஆங்கில இலக்கிய நயமும் இருக்கிறது. ஒன்றைத்தான் எடுக்கலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளை சின்ன வயதிலேயே சங்கீத வகுப்புக்கோ நடன வகுப்புக்கோ போயிருப்பாள். அதையே பரீட்சைக்கும் எடுப்பது வசதி. ஆங்கில இலக்கியம் என்றால் தாய்மார், "அது வீட்டில் ஆங்கிலம் கதைக்கிற பிள்ளைகளுக்கான பாடமல்லவா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் பதிலே இந்தப் பேச்சு.

பெயர் ஆங்கில இலக்கியம் என்றாலும், அண்மை ஆண்டுகளின் பாடத்திட்டத்தில் இங்கிலாந்து மட்டும் இல்லை. நைஜீரியரும் இந்தியரும் நம் நாட்டவரும் இருக்கிறார்கள். அமெரிக்கர் மட்டும் ஐவர்: மார்க் ட்வைன், எமிலி டிக்கின்சன், ஸ்டீபன் கிரேன், எட்வின் ஆர்லிங்டன் ரொபின்சன், மாயா ஆஞ்சலோ. இவர்கள் நமக்கு எவ்வளவு அந்நியர் என்று பார்ப்போம்.

ஸ்டீபன் கிரேன் 1871 இல் பிறந்து 28 வயதில் காலமானவர். அவருடைய கவிதை, போர் அன்பானது, அழாதே என்று காதலியிடமும் குழந்தையிடமும் தாயிடமும் சொல்கிறது. பிள்ளைகள் முதலில் திகைப்பார்கள். பிறகு ஒருத்தி, "மிஸ், இது வஞ்சப்புகழ்ச்சி தானே?" என்பாள். அதேதான். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். உங்கள் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, புத்தம் புதிதாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல் இகழும் இந்தப் புறநானூற்றுப் பாட்டைத் தமிழில் படித்த பிள்ளைக்குக் கிரேனின் குரல் பழகிய குரல். அதே புறநானூற்றில், தகப்பனையும் கணவனையும் போரில் இழந்த பிறகும் ஒரே மகனைக் களத்துக்கு அனுப்பும் தாயை ஒக்கூர் மாசாத்தியார் காட்டுகிறார். அந்தத் தாயையும் கிரேனின் தாயையும் பக்கத்தில் வைத்து யோசித்த பிள்ளைக்கு, விடைத்தாளில் எழுதச் சொந்தமாக ஒரு கருத்து இருக்கும்.

ரொபின்சனின் 'ரிச்சர்ட் கோரி' 1897 இல் வெளியானது. ஊரே பார்த்து ஏங்கிய செல்வந்தர் ஒருவர் திடீரென்று தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். கதையைச் சொல்பவர்கள் நடைபாதையில் நிற்கும் எளிய சனங்கள். அவர்கள் தங்களைக் குறிக்கும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரே வடிவம். தமிழில் சொல்லப் போனால் 'நாமா', 'நாங்களா' என்று தெரிவுசெய்தே ஆகவேண்டும். பிள்ளைகள் தயங்காமல் 'நாங்கள்' என்றார்கள். ஏன் என்று கேட்டோம். "அதற்குள் கோரி இல்லை" என்றார்கள். அந்த மனிதரின் தனிமை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. எந்தக் குறிப்புப் புத்தகத்திலும் இல்லாத விடை தமிழ் தெரிந்ததால் கிடைத்தது.

எமிலி டிக்கின்சன் ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட கவிதைகள் எழுதியவர். உயிரோடிருந்தபோது அச்சேறியவை மிகச் சில. பாடத்திட்டத்தில் உள்ள கவிதையில் ஒரு பறவை நடைபாதைக்கு வருகிறது, புழுவைத் தின்கிறது, பனித்துளி குடிக்கிறது, ஒரு வண்டுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறது. மனிதர் உணவு நீட்டியதும் பறந்துவிடுகிறது. இதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. பல்கனியில் காகத்துக்குச் சோறு வைக்கும் எந்தப் பிள்ளைக்கும் இது தெரிந்த காட்சி.

மார்க் ட்வைன் நம் ஊருக்கே வந்தவர். 1896 ஜனவரியில், உலகம் சுற்றிச் சொற்பொழிவாற்றிய பயணத்தில், கொழும்பில் இறங்கினார். மறு ஆண்டு வெளியான பயண நூலில் இந்நகரத்து மக்களின் உடைகளையும் நிறங்களையும் வியந்து எழுதினார். அந்த அழகைக் கெடுத்ததாக அவர் சொன்ன ஒரு காட்சியும் உண்டு: மிஷன் பாடசாலையொன்றிலிருந்து ஐரோப்பிய உடையில் இரண்டிரண்டு பேராக வரிசையில் வந்த பதினாறு சிறுமியர். அந்த உடை அவருக்குப் பிடிக்கவில்லை. இதே ட்வைன்தான் இளவரசனும் ஏழைச் சிறுவனும் உடை மாற்றிக்கொண்டதும் உலகம் அவர்களை அடையாளம் காணத் தவறும் கதையை எழுதியவர். நம் பிள்ளைகள் படிப்பது அந்த நாவலைத்தான். உடைக்குள் இருக்கும் ஆளைப் பார் என்று சொன்ன எழுத்தாளர், கொழும்பில் அந்தப் பதினாறு பேரின் உடையைத் தாண்டிப் பார்த்தாரா? அந்தச் சிறுமியரில் ஒருத்தி பதில் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாள்? இதைக் கேட்டபோது வகுப்பு ஒரு மணித்தியாலம் அடங்கவில்லை. நாவலின் கருப்பொருள் பற்றி அதற்குப் பிறகு குறிப்புக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மாயா ஆஞ்சலோ சிறுமியாயிருந்தபோது நேர்ந்த கொடுமையால் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பேசாமலே இருந்தவர். ஊரிலிருந்த ஒரு பெண்மணி அவரை வீட்டுக்கு அழைத்து, புத்தகம் கொடுத்து, கவிதையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பேச்சை மீட்டுக் கொடுத்தார். சிறகு வெட்டி, கால் கட்டிய பறவை ஏன் பாடுகிறது என்ற அவரது கவிதை 1983 இல் வெளியான தொகுப்பில் உள்ளது.

1983. இந்த ஆண்டை இந்த மண்டபத்தில் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி உட்படப் பாடசாலைகளும் கோயில்களும் அகதி முகாம்களாயின. பலர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். இன்று உலகெங்கும் நமது சங்கத்துக்குக் கிளைகள் இருப்பதற்கு அந்த ஜூலையும் ஒரு காரணம். அதைப் பற்றிய கவிதையொன்றும் இதே பாடத்திட்டத்தில் உண்டு. யஸ்மின் குணரத்னவின் 'பிக் மேட்ச் 1983', பாடசாலைக் கிரிக்கெட் பந்தயத்தின் சொற்களைக்கொண்டு அந்தக் கலவரத்தைப் பேசுகிறது. அதன் நடுவே, சூழப்பட்ட வீட்டுக்குள் இருப்பவரோடு நண்பர் நடத்தும் தொலைபேசி உரையாடல் வருகிறது.

இதை வாசித்த அன்று பிள்ளைகள் எங்களிடம் கேட்டார்கள்: "நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?" அவர்களில் பலருக்கு வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. பாட்டி சொல்லாததைப் பரீட்சைப் பாடம் சொல்லித் தந்திருக்கிறது. அடுத்த கிழமை சிலர் வீட்டில் கேட்டுவிட்டு வந்தார்கள். சிலர் கேட்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை.

இதனால்தான் ரியூசன் குறிப்புகளைப் பாடமாக்குவதை நாங்கள் ஏற்பதில்லை. பந்தியாக மனப்பாடம் செய்து ஒப்புவித்தால் ஒரு சித்தி கிடைக்கலாம். ஆனால் சில வரிகளைக் கொடுத்து, எந்த ஆக்கம், யார் பேசுவது, ஏன் என்று கேட்கும்போதும், கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்கும்போதும் மனப்பாடம் நின்றுவிடும். எங்கள் முறை எளிது. முதலில் கவிதையைச் சத்தமாக இரண்டு முறை வாசிப்போம். பேசுவது யார், யாரிடம் என்று கேட்போம். பிறகு தமிழில் கதைப்போம். தமிழில் விளங்கினால்தான் ஆங்கிலத்தில் சொந்த வசனம் வரும். எழுதும்போது கருத்து ஒன்று, அதற்கு ஆதாரமாகக் கவிதையிலிருந்து சொல் ஒன்று, அந்தச் சொல் என்ன செய்கிறது என்ற விளக்கம் ஒன்று. கடைசி மூன்று மாதம் கடந்தகால வினாத்தாள்கள், நேரம் பார்த்து.

பிள்ளைகளே, பிழையான ஆங்கிலத்தில் எழுதிய உங்கள் சொந்தக் கருத்தை எங்களால் திருத்தித் தர முடியும். இன்னொருவரின் அழகான பந்தியை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அக்காமாரே, தங்கைமாரே, ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருக்கும் உங்களிடம் நிதி கேட்டு இன்று பலர் வருவார்கள், கொடுங்கள். நாங்கள் கேட்பது கிழமைக்கு ஒரு மணித்தியாலம். ஒரு பிள்ளை, ஒரு கவிதை, ஒரு தொலைபேசி அழைப்பு. நீங்கள் பட்டதாரியாக இருக்கத் தேவையில்லை. அவள் சத்தமாக வாசிக்கும்போது மறுமுனையில் இருந்து கேட்டு, "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டால் போதும். விரும்புவோர் இன்று வாசலில் உள்ள கொப்பியில் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள். அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. முதலில் வாசிப்பது எமிலி டிக்கின்சன்.