சுமை பகிர்ந்தோர்



வட்டக்கானலிலிருந்து சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் உள்ளது வெள்ளகவி. வண்டிச்சாலை எட்டாத தலைமுறைகளில் அரிசியும் உப்பும் குதிரை முதுகிலும் மாந்தர் தலையிலுமே அவ்வூரை அடைந்தன. கணினித் தமிழும் ஏறத்தாழ அவ்வாறு சுமந்து சேர்க்கப்பட்டதே.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலறிஞர் கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனனும் அதனை முன்னின்று நடத்தினர். ஒருவர் நூலைத் தட்டெழுத, கடல்கடந்த இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஊதியம் எவருக்குமில்லை, நூல்களுக்கு விலையுமில்லை.

நூல்கள் தமிழில் வந்தன. அவற்றைத் திறக்கும் கருவியோ ஆங்கிலமே பேசிற்று. 1983இல் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கமே இங்கு வழி திறந்தது. மூலநிரலை எவரும் பெறலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். லினக்ஸுக்கான கே.டி.இ. திரைச்சூழலைத் தமிழாக்க முனைந்தோர் கோப்புகளைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டனர். கோப்பில் ஆங்கிலத் தொடரொன்று இருக்கும்; அதன்கீழ் வெற்றிடம். நிரப்புவது எளிதெனத் தோன்றும்.

அன்று. "இதனை அழிக்கவா?" என்று வினவும் தொடரில் கோப்பின் பெயரை இயந்திரமே இடையிற் செருகும். பெயர் 'கடிதம்' எனின், வேற்றுமை உருபு ஏற்று 'கடிதத்தை' ஆதல் வேண்டும். இயந்திரம் சாரியை அறியாது. 'கடிதம்ஐ' என்றே நிற்கும். தொல்காப்பியர் கண்டால் என்னாவார்! 'கடிதம் என்னும் கோப்பை' எனத் தொடரை மாற்றியமைப்பதே தீர்வு. இதனை உணர நிரலறிவு மட்டும் போதாது, இலக்கணச் செவியும் வேண்டும். சொல்லிலும் இணக்கம் எளிதன்று: தமிழகம் 'கணினி' என்னும், ஈழத்தார் பலர் 'கணனி' என்பர்.

இணைய வசதி அரிதாயிருந்த நாளில் குறுந்தகடுகள் கைமாறின. 2005இல் நடுவணரசும் தமிழ் மென்பொருள் குறுந்தகட்டை இலவசமாக வழங்கிற்று. பரப்பும் சுமை இன்று குறைந்துவிட்டது. ஆக்கும் சுமையோ குறையவில்லை. ஒவ்வொரு புதுப்பதிப்பிலும் புதிய தொடர்கள் சேர்கின்றன. எவரும் தொடாதவிடத்து ஆங்கிலம் மீண்டும் தலைகாட்டும். பொறியாளர் சிலர் தோளிலேயே இதனை இறக்கி வைத்துவிட்டுக் கவிஞர் ஒதுங்கியிருத்தல் முறையன்று.

கோப்பைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவதற்கு 'நீக்கு' எனலாமா, 'அழி' எனலாமா? முன்னதில் மீட்பு உண்டு, பின்னதில் இல்லை. இவ்வேறுபாட்டைக் கவிஞரே முதலில் கேட்பர். அவ்வெற்றிடங்கள் எவர்க்கும் திறந்தே கிடக்கின்றன.