காவலூர் மலையும் களத்து மேட்டு விளக்கும்



அறுப்பு முடிந்து கை ஓய்ந்தால் நாம் ஏலகிரிக்குப் போவோம். ஜலகாம்பாறை அருவியில் குளித்துவிட்டுத் திரும்புவோம். நல்லதுதான். இந்தத் தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காவலூருக்கும் ஒரு நடை போய் வாருங்களேன்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். சின்ன ஊர்தான். போகிற வழியிலேயே உங்கள் கண்ணுக்கு வேலை இருக்கிறது. சரிவுகளில் மலைவாழ் மக்கள் மானாவாரியாகச் சாமை போடுகிற விதத்தைப் பாருங்கள். காட்டையும் பாருங்கள். பாலாற்றில் சேரும் செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. மேலே காடு இருந்தால்தானே கீழே கிணற்றில் ஊற்று?

இந்த ஊருக்கு உலகப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்பு, இரவு வானத்தைப் பார்க்கத் தோதான இடம் தேடினார். 725 மீட்டர் உயரம், பக்கத்தில் நகர வெளிச்சம் கிடையாது, தென்திசை நட்சத்திரங்களும் நன்றாகத் தெரியும். காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் கண்ணாடி வைத்த சிறிய தொலைநோக்கியில் வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது.

1977 மார்ச் 10ஆம் தேதி இரவு, ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் கோள் மறைக்க இருந்தது. வேலிக்கு அப்பால் ஒருவர் அரிக்கேன் விளக்கோடு நடந்தால், ஒவ்வொரு கம்பத்துக்கும் வெளிச்சம் மறைந்து மறைந்து வரும் இல்லையா? அதுபோல, கோள் மறைக்கும் முன்பே நட்சத்திரம் மங்கியது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த மங்கல் நம்ம காவலூரிலும் பதிவானது.

பிறகு நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. பாப்பு 1982லேயே காலமாகிவிட்டார். விதைத்தவர் அறுப்பைப் பார்க்கவில்லை. வானாய்வகத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

இதில் நமக்கு என்ன வேலை என்பீர்கள். அவர்களுக்கு இருட்டுதான் மூலதனம். மேகம் வந்தால் நமக்குச் சந்தோஷம், அவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. மேகத்தை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் களத்து மேட்டிலும் கொட்டகையிலும் மூடியில்லாமல் எரிகிற விளக்கை நாம் தடுக்கலாமே! மேலே போகிற வெளிச்சம் தூசியில் பட்டுச் சிதறி வானத்தையே வெளிறச் செய்கிறது. மங்கலான நட்சத்திரம் அதில் முழுகிப்போகிறது.

ஆகவே மலையோரத்து விவசாயிகள் விளக்குக்குத் தகரக் குல்லா போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி கட்டுங்கள். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். மின்சாரமும் மிச்சம். நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப் புழுவின் அந்துப்பூச்சியைப் பிடிக்க விளக்குப் பொறி வைப்பவர்கள் தாராளமாக வையுங்கள்; முன்னிரவில் எரிந்தால் போதும், விடிய விடிய வேண்டாம்.

புறப்படும் முன் வானாய்வகத்தில் பார்வையாளர் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களைத் தவிர்த்து, தை பிறந்த பிறகு போனால் வானம் தெளிந்திருக்கும். திரும்பி வந்த இரவு, வாசல் விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் அண்ணாந்து பாருங்கள். உங்கள் தாத்தா பார்த்த வானம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அது உங்கள் பேரனுக்கும் வேண்டும்.