வாசலில் நிற்கும் மூத்த மகன்



"பாடப் புத்தகம் இருக்க, கதைப் புத்தகம் எதற்கு?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்கிறோம். கதை வெறும் பொழுதுபோக்கு என்பது நம் எண்ணம்.

ஆனால் நம் ஆண்டவர் கதை சொல்லியே கற்பித்தார். லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மைந்தன் உவமையை நினைத்துப் பார்ப்போம். மூத்த மகன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். தந்தை வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா? இயேசு சொல்லவில்லை, முடிவை நம்மிடமே விட்டுவிட்டார். வரப்புத் தகராறில் கூடப்பிறந்தவரோடு பேச்சை முறித்துக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு. அறிவுரை சொன்னால் முகம் சுளிக்கும் நாம், கதை கேட்கும்போது வாசலில் நிற்பது நாமே என்று கண்டுகொள்கிறோம்.

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர், முன்சீப்பாகப் பணியாற்றியவர். தீர்ப்பு எழுதிய கைதான் கதையும் எழுதியது. திருத்தந்தை பிரான்சிசும் 2024 ஜூலை 17 தேதியிட்ட மடலில், இலக்கிய வாசிப்பு குருக்களுக்கு மட்டுமல்ல, கிறிஸ்தவர் அனைவரின் வளர்ச்சிக்கும் உதவும் என்றார்.

நம் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்கு வருகிறவரின் வீட்டுக்குள் நாம் போயிருக்க மாட்டோம். நல்ல கதை அங்கும் நம்மை அழைத்துப்போகும்; அவர் கவலையை நம் கவலையாக்கும்.

எனவே இந்த வாரம் நூலகத்தில் ஒரு கதைப் புத்தகம் எடுப்போம். இரவு செபத்துக்குப் பின் பத்துப் பக்கமாவது வீட்டில் உரக்க வாசிப்போம். "அவர் இடத்தில் நாம் இருந்தால்?" என்று பிள்ளைகளோடு பேசுவோம். பிறகு, பேசாதிருக்கும் உறவின் கதவைத் தட்டுவோம்.

ஆமென்.