வசையாக வந்த பதவிப் பெயர்

1741 பிப்ரவரி. ராபர்ட் வால்போலைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று லண்டன் காமன்ஸ் சபையில் ஒரு தீர்மானம் வந்தது. அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று, அவர் 'பிரைம் மினிஸ்டர்' போல நடந்துகொள்கிறார் என்பது. வால்போல் எழுந்து, தாம் அப்படி இல்லவே இல்லை என்று மறுத்தார். தீர்மானம் தோற்றது. ஆனால் பிரிட்டனின் முதல் பிரதமர் என்று இன்று வரலாறு சொல்வது அவரைத்தான்!

அந்தப் பெயரில் அப்படி என்ன குற்றம்?

'மினிஸ்டர்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பணியாள் என்று பொருள். குறைவு என்பதைச் சொல்லும் 'மினுஸ்' அதன் வேர். கூடுதல் என்பதைச் சொல்லும் 'மாகிஸ்' என்ற வேரிலிருந்து வந்தது 'மாகிஸ்டர்'. ஆங்கிலத்தின் 'மாஸ்டர்' அதன் வழிவந்ததே. ஆக, அமைச்சர் என்பவர் மன்னருக்கு ஊழியம் செய்பவர். எல்லா அமைச்சர்களும் மன்னரின் ஊழியர்களாகத் தமக்குள் சமமாக இருக்க, ஒருவர் மட்டும் 'முதல்வர்' என்று தலைதூக்கினால்? பிரான்சில் அமைச்சர் ரிஷ்லியூ மன்னரின் பெயரால் நாட்டையே ஆட்டிப்படைத்தது ஆங்கிலேயருக்கு மறக்கவில்லை. அந்த அச்சம் நியாயமானது என்றே சொல்ல வேண்டும். அதிகாரம் ஓரிடத்தில் குவியும்போது அதற்குப் பெயர் சூட்டிக் கேள்வி கேட்டது, அன்றைய நாடாளுமன்றம் செய்த நல்ல காரியம்.

வால்போல் வகித்த பதவியின் முறையான பெயர் 'கருவூலத்தின் முதல் பிரபு'. 1735-இல் அவர் குடிபுகுந்த டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டின் கதவிலுள்ள பித்தளைத் தபால் துவாரத்தில் இன்றும் பொறித்திருப்பது அந்தப் பெயர்தான்.

வசை மெல்ல மெல்ல வழக்கானது. சட்டம் நிதானமாகப் பின்னால் வந்தது. 1878 பெர்லின் உடன்படிக்கையில் டிஸ்ரேலி பிரதமர் என்ற பெயரோடு இடம்பெற்றார். 1905-இல்தான் அரசு விழாக்களின் வரிசை முறையில் பிரதமருக்கு ஓர் இடம் கிடைத்தது. அதுவும் யார்க் பேராயருக்குப் பின்னால்! 1917-இல், பிரதமர்கள் ஓய்வெடுக்க செக்கர்ஸ் மாளிகையை ஒதுக்கிய சட்டத்தில் அந்தச் சொல் ஏறியது. 1937-இல் இன்னொரு சட்டம் சம்பளம் குறித்தது: ஆண்டுக்கு 10,000 பவுண்டு.

இத்தனைக்கும் பிறகு, பிரதமர் பதவியை உண்டாக்கிய சட்டம் என்று பிரிட்டனில் ஒன்றும் கிடையாது. இந்தியா வேறு வழியில் போனது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 74-ஆம் பிரிவு, அமைச்சரவைக்குப் பிரதமரே தலைவர் என்று எழுத்திலேயே வரையறுத்துவிட்டது.