கயிறு யார் கையில்?

(தூத்துக்குடியில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் செய்த சொற்பொழிவு)

இன்று இங்கு நடந்த காரியம் பார்வைக்கு மிகச் சிறியது. இரண்டு பேர் எழுந்து நின்று, ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்றுக்கொள்ளுகிறோம் என்று நம் எல்லோருக்கும் விளங்குகிற தமிழில் சொன்னார்கள். மாலை மாற்றிக்கொண்டார்கள். உட்கார்ந்துவிட்டார்கள். கால் மணி நேரங்கூட ஆகவில்லை. "மந்திரமில்லை, ஹோமமில்லை, நாள் நட்சத்திரமில்லை, இப்படிச் செய்த கலியாணம் எப்படி நிலைக்கும்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தப்பில்லை. ஆனால் ஒரு கலியாணத்தை நிலைக்கச் செய்வது எது என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன். அதற்கு நான் வேத சாஸ்திரங்களைத் தேடிப் போகப்போவதில்லை. உங்கள் ஊர்க் கடலே போதும்.

முத்துக்குளிப்பைப்பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1961-க்குப் பிறகு இங்கு முத்துக்குளிப்பு நடக்கவில்லையென்றாலும், பாட்டன்மார் சொன்ன சங்கதிகள் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. முக்குளிப்பவன் முப்பது நாற்பது ராத்தல் கனமுள்ள கல்லின்மேல் கால்வைத்துக்கொண்டு, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவான். ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போடுவான். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பான். வள்ளத்தில் இருப்பவன் உடனே தூக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் ஆள் பிணம்.

சுமார் எழுநூறு வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ என்கிற வெனிஸ் நகரத்து யாத்திரிகன் இந்தத் தொழிலைப்பற்றி எழுதிவைத்திருக்கிறான். சுறா முதலிய பெரிய மீன்கள் கடிக்காதபடி மந்திரத்தால் கட்டுவதற்குப் பார்ப்பனர்கள் இருந்தார்கள் என்றும், எடுத்ததில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுக்கவேண்டும் என்றும் சொல்லுகிறான். இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். அந்த மந்திரம் பகலுக்கு மட்டுந்தான். இரவில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கி முத்தெடுக்காமலிருப்பதற்காக, பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம்! பகலில் பயத்துக்கு மருந்து விற்பவரே, இரவில் பயத்தைக் காவலுக்கு வைக்கிறார்.

பிறகு 1530-களில் இந்தக் கரையிலுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவர்களானார்கள். 1542-ல் பிரான்சிஸ் சேவியர் பாதிரியாரும் வந்தார். மதம் மாறிற்றே, மந்திரம் மாறிற்றா? இல்லை. முந்நூறு வருஷத்துக்குப் பிறகும் மன்னார் வளைகுடாவில் "கடல்கட்டி" என்று ஒருவர் இருந்தார். அவர் மந்திரித்தால்தான் ஆட்கள் தண்ணீரில் இறங்குவார்கள். 19-ம் நூற்றாண்டில் இலங்கையில் உத்தியோகம் பார்த்த எமர்சன் டென்னன்ட் என்னும் வெள்ளைக்காரர், அப்போதைய கடல்கட்டி ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று எழுதுகிறார். மந்திரம் சொல்லுபவர் எந்த மதத்தைச் சேர்ந்தவர் என்பதைப்பற்றி யாருக்கும் கவலையில்லை. கவலையெல்லாம் பங்கைப்பற்றித்தான்.

சரி, மந்திரக்காரருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த முக்குளிப்பவன், தன் உயிர் தொங்குகிற கயிற்றை யார் கையில் கொடுத்தான்? அந்த மந்திரக்காரர் கையிலா? கொடுக்கவில்லையே! மச்சான் கையில் கொடுத்தான். பெண்சாதியின் உடன்பிறந்தவனைத்தான் கயிறு பிடிக்க நிறுத்தவேண்டும் என்பது இந்தக் கரையில் வழங்கிவருகிற பேச்சு. ஏன்? முக்குளிப்பவன் செத்தால் கடல்கட்டிக்கு நஷ்டமில்லை. அடுத்த வள்ளம் இருக்கிறது. மச்சானுக்கோ, தன்னுடைய தங்கை விதவையாகிவிடுவாள். ஆகவே அவன் கண்ணிமைக்கமாட்டான். மந்திரத்தை வாயால் நம்பினார்கள். உயிரை மனிதனிடத்தில் ஒப்புவித்தார்கள். எழுத்துப் படிக்காத அந்த மனிதனுக்குக் கடலுக்குள் இருந்த பகுத்தறிவு, கலியாணப் பந்தலுக்குள் நமக்கு ஏன் இருக்கக்கூடாது?

ஆனால் இந்த வழக்கத்தையும் நான் அப்படியே மெச்சிவிடமாட்டேன். அதற்குள் ஒரு பெரிய கொடுமை இருக்கிறது. விதவையாவது என்பது ஒரு பெண்ணுக்கு அவ்வளவு பயங்கரமாக ஏன் ஆக்கப்பட்டது? நம் கடலில் ஆண்கள் எடுக்கிற சங்கு வெகுகாலமாக வங்காளத்துக்குப் போகிறது. அங்கே அது வளையலாகி, கலியாணமான பெண்ணின் கையில் ஏறுகிறது. புருஷன் செத்தால் அதை உடைக்கிறார்கள். இங்கே தாலியை அறுக்கிறார்கள். பெண்சாதியை இழந்த ஆண்பிள்ளை உடைப்பதற்கு என்ன வைத்திருக்கிறான்? ஒன்றுமில்லை. கடலில் கட்டிய கயிறு ஆளை மேலே தூக்குகிறது. கழுத்தில் கட்டிய கயிறு ஆளைக் கீழே இருத்துகிறது. இரண்டுக்கும் பெயர் கயிறுதான், வேலை வேறு.

தோழர்களே! கயிறு பிடிக்கவேண்டிய மச்சான் இன்று என்ன செய்கிறான் என்பதையும் பாருங்கள். 2025 ஜூலையில் இந்த மாவட்டத்தைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர் ஒருவர் பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணொருத்தியோடு அவருக்கிருந்த பழக்கமே காரணம் என்பது வழக்கு. கைது செய்யப்பட்டவர் அந்தப் பெண்ணின் உடன்பிறந்தவர். அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பழைய காலத்தில் தங்கையை உத்தேசித்து ஒருவன் உயிரைக் காப்பாற்றிய கை, இந்தக் காலத்தில் தங்கையின் பெயரைச் சொல்லி அரிவாள் எடுக்கிறதென்றால், அந்தக் கைக்கு இந்தப் புத்தியைக் கொடுத்தது யார்? அது தானாகத் தோன்றிய கோபமல்ல. "உன் தங்கை உன் சாதிச் சொத்து" என்று ஊரும் உறவும் பிறந்த நாள்முதல் காதில் ஓதிய மந்திரம்.

மணமகளின் தமையனார் இந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பெற்றோர் வரவில்லையென்று அறிகிறேன். வராதவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நாலு பேர் என்ன சொல்லுவார்களோ என்கிற பயம் அவர்களைப் பிடித்திருக்கிறது. ஆனால் அதே நாலு பேரின் பேச்சைத் தாங்கிக்கொண்டு வந்த இந்த வாலிபருக்கு நாம் எல்லோரும் கடமைப்பட்டவர்கள். அவர்தான் உண்மையில் கயிறு பிடித்த மச்சான்.

இனி, இந்தக் கலியாணம் செல்லுமா என்பதைப்பற்றி ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட கலியாணங்கள் 1928 முதல் நடந்து வருகின்றன. ஆயினும் 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், சாஸ்திரச் சடங்கில்லாத இப்படிப்பட்ட கலியாணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. எத்தனையோ குடும்பங்களில் தாயின் உரிமையும் பிள்ளைகளின் உரிமையும் ஆட்டங்கண்டன. அண்ணா அவர்கள் முதலமைச்சரான பிறகு, 1967-ல் சட்டசபையில் திருத்தம் நிறைவேறி 1968-ல் சட்டமாயிற்று. அதற்கு முன் நடந்தவைகளும் செல்லும் என்று ஏற்பட்டது. உறவினரோ சிநேகிதரோ வேறு யாரோ முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற பாஷையில் சம்மதத்தைச் சொல்லி, மாலையோ மோதிரமோ தாலியோ எதுவானாலும் ஒன்று போதும். ஊரைக் கூட்டி அறிவிக்கவேண்டுமென்கிற கட்டாயமில்லை என்று 2023-ல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஊருக்குச் சொன்னால் உயிர் போகும் என்கிற நிலைமையில் இருப்பவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. வயது வந்த இருவர் சம்மதித்துச் செய்துகொள்ளும் கலியாணத்தில் சாதிப் பஞ்சாயத்து தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018-லேயே அந்த நீதிமன்றம் தீர்ப்புச் செய்திருக்கிறது.

ஆனால் 1968-ன் சட்டம், இந்துக்கள் என்று சட்டம் சொல்லுகிற இருவருக்கு மட்டுமே. இந்தக் கரையில் ஒரு கிறிஸ்தவரும் ஒரு இந்துவும் மதம் மாறாமல் சேரவேண்டுமானால், 1954-ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி செய்துகொள்ளலாம். அதில் முப்பது நாள் நோட்டீஸ் வெளியிடுகிறார்கள். காதலர்களைத் தேடி அலைகிற சாதிக்காரனுக்குச் சர்க்காரே தகவல் கொடுப்பதைப்போல் அல்லவா இருக்கிறது இது? இதை மாற்றும்படி நாம் கேட்கவேண்டாமா?

மணமக்களுக்கு ஒன்றிரண்டு சொல்லி முடிக்கிறேன். காதல் என்பதை ஏதோ தெய்வீகம் என்று நான் நம்புவதில்லை. பழகினால், பேசினால், ஒருவர் கஷ்டத்தை மற்றவர் பார்த்தால் வளருகிற அன்புதான் அது. கவனிக்காமல் விட்டால் வாடியும் போகும். இந்த ஊர் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களைப் பாருங்கள். விடியுமுன் சமைத்துவைத்துவிட்டு, வெயிலில் உப்புச் சுமந்து, வீடு வந்து மறுபடியும் அடுப்பில் வேகிறார்கள். புருஷன் திண்ணையில் காற்று வாங்குகிறான். அந்த வீட்டில் காதல் எங்கே உட்காரும்? ஆகவே மணமகன் அவர்களே, சமையலறையில் பாதி உம்முடையது. மணமகள் அவர்களே, உம்முடைய சம்பளம் உம்முடைய பெயரிலேயே இருக்கட்டும். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானித்தோம். தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரையில் அறுபது வருஷம் ஆயிற்று. வாங்கிய உரிமையைக் கூச்சப்பட்டு அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி எந்தக் கலியாணத்தையும் தொண்ணூறு நாளைக்குள் பதிவு செய்யவேண்டும். நாளை மறுநாள் என்று தள்ளாமல் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட மணமகளின் தமையனார் வருவார் என்று நம்புகிறேன். அவருக்கு வசதிப்படாவிட்டால் இங்குள்ள தோழர்களில் யாரும் தயார். நான் சொன்னவைகளை எல்லோரும் உங்கள் புத்தியைக்கொண்டு யோசித்து, சரியென்று பட்டால் ஒப்புக்கொண்டு, தப்பென்று பட்டால் தள்ளிவிடும்படி கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.