சர்க்கரை என்னும் கவசம்



பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை நண்பகலில், செடிகள் உணவு ஆக்கும் முறையை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். "செடி தான் ஆக்கிய சர்க்கரையை உண்டு வளர்கிறது" என்றேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "ஐயா, நம் தோட்டத்துக் கத்தரிச் செடிகள் நீரின்றி வாடி, வளராமல் நிற்கின்றன. இப்பொழுது அவற்றினுள் இருக்கும் சர்க்கரை எதற்குப் பயன்படும்?" என்று வினவினாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "பாடத்தில் இல்லாததைக் கேளாதே" என்று அமரச் செய்துவிட்டேன். அவளுக்குத் தரவேண்டிய விடையை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

நீர் குறையும்பொழுது செடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. அதனால் நீராவி வெளியேறுவது குறைகிறது. கரியமில வாயு உட்புகுவதும் குறைகிறது. வெயிலோ ஓயாமல் பச்சையத்தின்மீது விழுகிறது. ஒளியினால் கிளர்ந்த எலக்ட்ரான்களுள் சில, செல்லுமிடம் இன்றிப் பிராணவாயுவைச் சேர்கின்றன. அதன் விளைவாகச் சூப்பராக்சைடும், அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் தோன்றுகின்றன. இவை அளவோடு இருப்பின், ஆபத்தை அறிவிக்கும் குறிகளாகச் செடிக்கு உதவும். அளவு மிஞ்சினால் உயிரணுக்களின் சவ்வையும் புரதங்களையும் சிதைத்துவிடும்.

இத்தீங்கைத் தடுக்கச் சர்க்கரையே துணை நிற்கிறது. எங்ஙனம் எனில், செடிகள் வைட்டமின் சி சத்தைக் குளுக்கோசிலிருந்தே ஆக்குகின்றன. அவ்வழியை 1998-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்மிர்னாஃப், வீலர், ஜோன்ஸ் ஆகியோர் விளக்கினர். அச்சத்து எலக்ட்ரான்களைக் கொடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடை நீராக்குகிறது. கொடுத்தபின் தான் வலுவிழக்கிறது. அதற்கு மீண்டும் வலுவூட்டுவது குளூட்டாதையோன். குளூட்டாதையோனுக்கு வலுவூட்டுவது என்.ஏ.டி.பி.எச். என்னும் பொருள்.

இப்பொருளைப் பகலில் பச்சிலைக்கு ஒளியே தருகிறது. இரவிலும், ஒளி புகாத வேரிலும் என் செய்வது? அங்கே சர்க்கரையின் ஒரு பகுதி, பென்டோஸ் பாஸ்பேட் வழி எனப்படும் தனிப் பாதையில் சிதைந்து, அதனை அளிக்கிறது. விளைந்த நெல்லை எல்லாம் உண்டுவிடாமல், ஒரு பகுதியை விற்று, மழைக்கு முன் கூரை வேயும் குடியானவனைப் போன்றது செடி.

வளராமல் நின்ற அக்கத்தரிச் செடி சும்மா நிற்கவில்லை, தன்னைக் காத்துக்கொண்டிருந்தது. அதைக் காண எனக்கு முன்பே ஒரு சிறுமி வினா எழுப்பினாள். அவள் இன்று எங்கிருப்பினும், இவ்விடை அவள் செவிக்கு எட்டுமாக! நீங்களும் பாடத்தில் இல்லாததைக் கேட்க அஞ்சாதீர்கள்.