ஆயாக்கொட்டகையில் நம் குழந்தைகள்



ஆயாக்கொட்டகை உள்ள தோட்டங்களில், பொழுது புலருமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் தாய், உறங்கும் குழந்தையைத் தோளில் சுமந்து சென்று ஆயாவிடம் ஒப்படைக்கிறாள். அவள் பாலை நிறுத்துக் கொடுத்துத் திரும்பும்வரை, அக்குழந்தை மற்றப் பிள்ளைகளுடன் ஒரே பாயில் உருள்கிறது. ஒரே பொம்மையை மாறி மாறி வாயில் வைக்கிறது. ஒரு பிள்ளைக்கு வந்த நோய் பிறருக்கும் தொற்றுவதில் வியப்பில்லை.

1997ஆம் ஆண்டில் சரவாக்கில் கை, கால், வாய் நோய் பரவியபோது இளங்குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். அந்நோய் இன்றும் நம் நாட்டில் உண்டு. முதலில் காய்ச்சல், பின்னர் வாயினுள் புண், அதன்பின் உள்ளங்கையிலும் பாதத்திலும் சிறு கொப்புளங்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டோரையே அது பற்றுகிறது. பெரும்பாலோர் 7 முதல் 10 நாட்களில் குணமடைந்து விடுகின்றனர்.

இங்கு ஒன்றை வெளிப்படையாகவே பேசுவோம். இரவில் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு விடியற்காலையில் மருந்து கொடுத்து, சூடு தணிந்ததும் ஆயாவிடம் ஒன்றும் கூறாமல் விட்டுச் செல்வோர் உளர். பெரட்டுக்குப் போகாவிடில் அன்றைய கூலி போகும் என்பதை நாம் அறிவோம். ஆயினும் இன்று மறைத்த காய்ச்சல், அடுத்த வாரம் பல வீடுகளின் கூலியைக் கெடுத்துவிடும். ஆயாவிடம் சொல்லிவிடுங்கள். பாட்டியோ அண்டை வீட்டாரோ முறைவைத்துப் பார்த்துக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்யுங்கள். நோயுற்ற பிள்ளையைத் திருப்பி அனுப்பும் ஆயாவிடம் சண்டைக்கு நிற்காதீர்கள். நம் எல்லாருடைய பிள்ளைகளுக்காகவும் அவர் அதைச் செய்கிறார்.

ஆயாமார்களே, கொப்புளம் ஆறிய பின்னும் சில வாரங்களுக்கு மலத்தில் கிருமி வெளியாகும். ஆதலால் பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பின்னரும், சோறு ஊட்டுமுன்னரும் சவர்க்காரமிட்டு 20 விநாடி கை கழுவுதல் வேண்டும். கையில் தடவிக்கொள்ளும் கிருமிநாசினி இக்கிருமியிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஒரே வாளியில் பத்துப் பேர் கையை முக்கி எடுப்பது கழுவுவதாகாது. குழாய் இல்லாவிடில் குவளையால் மொண்டு ஊற்றுங்கள். பொம்மைகளைக் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். குவளையும் துண்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே இருக்கட்டும்.

உறக்கத்தில் அடிக்கடி தூக்கிவாரிப் போடுதல், ஓயாத வாந்தி, தள்ளாட்டம், எழுப்பினாலும் தெளியாத மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராதீர்கள். கிடைத்த வாகனத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வாகனம் இல்லையேல் 999 எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள்.